படப்பழம்

தொட்டால் தெரிந்துவிடும். தொடாமலே தெரிந்துகொள்ள ஏதாவது வழி இருக்குமா என்றுதான் சாந்தாமணி அந்த மூன்று ஆரஞ்சுப் பழங்களையும் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். மேசைமேல் நீலத்துணி, துணிமேல் பித்தளைச் சொம்பு, சொம்புக்கு இந்தப் பக்கம் இரண்டு பழம், ஜன்னல் பக்கம் ஒன்று. மகன் லோகு காய்ச்சலில் படுத்திருந்த நாளில் அவளே பொறுக்கி எடுத்து, அவளே திருப்பித் திருப்பி வைத்து, பாதி வரைந்து நிறுத்தியது. அன்றைக்குச் சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் போனவன் திரும்பி வரவில்லை. இரண்டு வாரம் ஓடிவிட்டது, நாளைக்குக் கருமாதி. சொந்தக்காரர்கள் வந்து இறங்கப்போகிறார்கள், படுக்க இடம் வேண்டும், அவள் படம் வரைகிற இந்தப் பின்னறையை ஒழித்தாக வேண்டும். அன்றிலிருந்து பூட்டியே கிடந்த அறையை அவள் கணவர் ஆறுச்சாமி இன்றைக்கு மத்தியானம் திறந்துவிட்டார். "நானே ஒழிச்சுருவேன் அம்மிணி. ஆனா உன்ற சாமானம், நீ எடுத்து வெச்சாத்தான் சரியா இருக்கும். அக்கா வர்றதுக்குள்ள மெதுவா எடு" என்று சொல்லி, சாவியை அரைஞாண் கயிற்றில் திரும்ப முடிந்துகொண்டு முன்பக்கம் போய்விட்டார். துணியை மடிக்க வேண்டுமென்றால் பழங்களை எடுக்க வேண்டும். எடுத்தால் கனம் தெரிந்துவிடும். மூன்றில் ஒன்று கனமில்லாமல் இருந்தால் லோகு தின்றிருக்கிறான். மூன்றும் கனத்தால் தின்னவில்லை. அவ்வளவுதான் சங்கதி. கேட்கிறவர்களுக்குச் சிரிப்பாகக்கூட இருக்கும். இரண்டு வாரமாக அவளுக்குத் தொண்டையில் சோறு இறங்காதது இதனால்தான் என்று யாரிடம் போய்ச் சொல்வது.

படப்பழம் என்ற வார்த்தை அந்த வீட்டைத் தாண்டினால் யாருக்கும் புரியாது. லோகுவுக்கு மூன்று வயதிருக்கும்போது மேசைமேல் இருந்த வாழைப்பழத்துக்குக் கை நீட்டினான். அது படத்துக்கு வெச்ச பழம் சாமி, படம் முடியட்டும், அப்புறம் திங்கலாம் என்றாள். அவன் அதைச் சுருக்கிப் படப்பழம் என்று ஆக்கிவிட்டான். உலகத்தில் பழங்கள் இரண்டு வகை, தின்கிற பழம், படப்பழம். படப்பழத்தைத் தொடக்கூடாது, பக்கத்தில் போய் மூச்சுக்கூட விடக்கூடாது, ஏனென்றால் ஒரு பழம் நகர்ந்தால் நிழல் நகரும், நிழல் நகர்ந்தால் அம்மா அன்றைக்கு முழுக்க யாரிடமும் பேசமாட்டாள். பள்ளிக்கூடத்தில் டிராயிங் டீச்சர் வேலை, வீட்டுக்கு வந்தால் சமையல், ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள்தான் அவளுக்கென்று. ஆகவே ஒரு படம் முடிய மூன்று ஞாயிறு, நான்கு ஞாயிறு. அதற்குள் வாழை கறுத்துவிடும், கொய்யா நாறிவிடும். ஆறுச்சாமியின் அக்கா ரங்கநாயகி வந்தால் வாய் சும்மா இருக்காது. "சாமிக்குப் படைச்சாலும் கற்பூரம் காட்டினதும் எடுத்துத் திங்கலாம். இந்த வூட்டுல அழுகினாத்தான் பிரசாதம்" என்பாள். எல்லோரும் சிரிப்பார்கள். சாந்தாமணியும் சிரிப்பாள். இப்போது அதே ரங்கநாயகிதான் போன் போட்டு, படம் வந்துருச்சா, படம் வந்துருச்சா என்று காலையிலிருந்து ஆறுச்சாமியைக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். ஸ்டுடியோவில் பெரிதாக்கக் கொடுத்திருக்கிற லோகுவின் போட்டோவைச் சொல்கிறாள். வரும் வழியில் அவளே வாங்கிக்கொண்டு வருகிறாளாம். நாளைக்கு அதற்கு மாலை போட்டு, முன்னால் இலை விரித்து, இலையில் பழம் வைப்பார்கள். படத்துக்கு வைத்த பழம். அந்த வார்த்தை இப்படிச் சுற்றிக்கொண்டு வந்து வாசலில் நிற்கும் என்று தெரிந்திருந்தால் அன்றைக்கே அவன் வாயிலிருந்து அதைப் பிடுங்கி எறிந்திருப்பாள்.

ஆனால் லோகு என்ன, சொன்னதைக் கேட்கிற பிள்ளையா? மூன்றாம் வகுப்பு படிக்கும்போதே ஒரு வழி கண்டுபிடித்துவிட்டான். அன்றும் ஆரஞ்சுதான், கமலா ஆரஞ்சு, தோல் தளர்ந்து உள்ளே சுளை தனியாக ஆடுகிற ரகம். நான்கு பழம் வைத்து ஒரு மாதம் வரைந்தாள். ஆறுச்சாமிகூட, இது நல்லா வந்திருக்குது என்று தன்னால் சொன்ன படம் அது. முடித்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு, பழங்களைக் கூடையில் எடுத்துப் போட்டாள். மூன்றாவதை எடுத்தபோது கை ஜிவ்வென்று மேலே போய்விட்டது. கனம் இருக்கும் என்று தயாராகப் போன கை, கனமே இல்லாமல் ஏமாந்தது. திருப்பிப் பார்த்தால், காம்புக்கு எதிர்ப்பக்கம், அடியில், ஒரு கட்டைவிரல் நுழைகிற ஓட்டை. அது வழியாகச் சுளை சுளையாக எடுத்துத் தின்றுவிட்டு, விதைகளை மட்டும் மரியாதையாக உள்ளேயே போட்டு, ஓட்டையைப் பின்பக்கம் திருப்பி, நிழல்கூடக் கலையாமல் இருந்த இடத்திலேயே வைத்திருக்கிறான். குலுக்கினால் விதை கலகலவென்றது. அவளுக்குக் கோபம் வரவில்லை. கீழே உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். வகுப்பில் பிள்ளைகளிடம், பந்து வரைஞ்சா முன்னால தெரியறத மட்டும் வரையாதீங்க, பின்னால இருக்கறதையும் மனசுல பாத்து வரையுங்க என்று வாய் ஓயாமல் சொல்கிறவள், எத்தனையோ நாளாக ஒரு வெறும் தோலை உட்கார்ந்து வரைந்திருக்கிறாள். அந்தப் படம் இன்னும் கூடத்தில் தொங்குகிறது. வீட்டுக்கு யார் வந்தாலும் லோகு அதன் முன்னால் நிறுத்தி, "இதுல ஒரு பழம் காலி. எதுன்னு சொல்லுங்க பாக்கலாம்" என்பான். யாரும் சரியாகச் சொன்னதில்லை. அவளுக்கே சில சமயம் சந்தேகம் வரும். படத்தில் எல்லாப் பழமும் முழுப் பழம்தான். எப்போது எடுத்தான் என்பதும் அவளுக்குக் கடைசிவரை பிடிபட்டதில்லை. வேலைக்குப் போகிற ஆளான பிறகும் விடவில்லை. சம்பளம் வாங்கி ஒரு கூடை ஆரஞ்சு வாங்கிக்கொண்டு வருவான், அதைத் தின்னமாட்டான், படப்பழத்தில் ஒன்றை மட்டும் காலி பண்ணுவான். ஒவ்வொரு படம் முடியும்போதும் அவள் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்ப்பாள், கை எங்கே ஏமாறும் என்று காத்துக்கொண்டிருப்பாள், ஏமாந்ததும் சமையலறைப் பக்கம் திரும்பி, "திருட்டுப் பயலே" என்பாள். அங்கிருந்து ஒரு சிரிப்பு வரும்.

அந்தச் சிரிப்பை நினைக்கக்கூடாது என்று எழுந்து தூரிகையை எடுத்தாள். ஒழிக்கத்தான் வந்தாள், ஆனால் மூன்று மணி வெயில் ஜன்னல் வழியாக வந்து நீலத்துணியில் சாய்ந்துவிட்டது. அதே வெயில், அதே இடம். இத்தனை நடந்தும் அது ஒரு விரற்கடை தள்ளி விழவில்லை. தொடாமல் பார்க்க அவளுக்குத் தெரிந்த ஒரே வழி வரைவதுதான். வெறும் தோலென்றால் ஓரத்தில் வெளிச்சம் லேசாக ஊடுருவ வேண்டும், விளக்குக் கூண்டு போல, நிழலின் நடுவில் கொஞ்சம் சூடான நிறம் இருக்க வேண்டும். கண்ணைச் சுருக்கினாள். ஒன்றும் தெரியவில்லை. மூன்றும் சுருங்கிக் கிடந்தன. முதல் பழத்தின் தோலில் பச்சைப் பூசணம் பூத்திருந்தது, பாஸ்டல் குச்சியைத் தேய்த்து உதிர்த்த மாதிரி பொடிப்பொடியாக. பூசணம் பூத்தால் உள்ளே ஈரம் இருக்கிறது, ஈரம் இருந்தால் சுளை இருக்கிறது. அப்போ அது இல்லை. இன்னும் இரண்டு. பீங்கான் தட்டில் அன்றைக்குக் கலந்து வைத்த ஆரஞ்சு நிறம் காய்ந்து, வெடித்து, வண்டல் மண் போலக் கிடந்தது. ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டாள். குவாஷ் வண்ணத்துக்கு அந்தக் குணம் உண்டு, எத்தனை நாள் காய்ந்து கிடந்தாலும் தண்ணீர் பட்டதும் எழுந்துகொள்ளும். தூரிகை நுனியால் இரண்டு சுற்றுச் சுற்றினாள், அன்றைய ஆரஞ்சு அப்படியே வந்துவிட்டது. அவளுக்கு அந்த நிறத்தின் மேல் ஆத்திரமாக வந்தது. உனக்கு ஒரு சொட்டுத் தண்ணி போதும், எந்திரிச்சு உட்கார்ந்துக்கறே. பாட்டில் பாட்டிலாக ஏற்றினார்களே அவனுக்கு. பிளேட்லெட் இறங்குது, பிளேட்லெட் இறங்குது என்று சொல்லிச் சொல்லியே ஏற்றினார்களே.

"காப்பி" என்று ஆறுச்சாமி வந்து நின்றார். டம்ளரை வலது கைப் பக்கம் வைத்தார். தண்ணிக் கோப்பை வலது பக்கம், காப்பி இடது பக்கம் என்பது இருபது வருஷத்துச் சட்டம், அவருக்கு மறந்துவிட்டது. மனுஷனிடம் சோப்பு வாசம் அடித்தது. பம்ப்செட் ஒர்க்‌ஷாப்பில் முப்பது வருஷம் லேத்து ஓட்டியவர், எத்தனை குளித்தாலும் எண்ணெய் வாசம் போகாதவர், இந்த வேளையில் என்ன சோப்பு என்று ஒரு நினைப்பு வந்து, நிற்காமல் போய்விட்டது. அவர் மேசைப் பக்கம் பார்க்கவில்லை. சுவரில் சாய்த்து வைத்திருந்த வெள்ளியங்கிரி மலைப் படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். "இதுக்கு மருந்து அடிக்கவே இல்லியா?" என்றார். பாஸ்டல் உதிராமல் இருக்க அடிக்கிற மருந்தைச் சொல்கிறார். "அடிச்சா கருத்துப் போயிருமுங்க" என்றாள். "அடிக்காட்டி உதிருமே." "உதிரட்டுங்க." மலையை பாஸ்டலிலும் பழத்தை குவாஷிலும் வரைவது அவள் வழக்கம். மலை தூரத்தில் இருப்பது, பொடியாகவே இருக்கட்டும், பழம் கையெட்டும் தூரத்தில் இருப்பது, அது கெட்டியாக உட்கார வேண்டும். கையெட்டும் தூரம்தான். லோகுவுக்கும் கையெட்டும் தூரம்தான். அவர் போகாமல் வாசற்படியில் நின்று, அவளைப் பார்க்காமலே சொன்னார். "எடுத்திருப்பான் அம்மிணி. நீ சொன்னாக் கேக்கற ஆளா அவன்?" ஆஸ்பத்திரியிலிருந்து வெறுங்கையோடு வந்த அன்று அவள் எல்லோர் முன்னாலும் ஒன்றே ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னாள், பழம் கேட்டானுங்க, நான் குடுக்கலீங்க என்று. துக்கத்தில் பிதற்றுகிறாள் என்று பெண்கள் அணைத்துக்கொண்டார்கள். ஆறுச்சாமி ஒருவருக்குத்தான் விளங்கியது. அன்றும் இதே வார்த்தையைத்தான் சொன்னார். அவர் போனதும் தூரிகையைக் கழுவ வலது பக்கம் நீட்டினாள், அது காப்பிக்குள் போயிற்று. ஆரஞ்சு நிறம் காப்பியில் ஒரு சுருளாகக் கரைந்து காணாமல் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். லோகு இருந்தால் இதற்கு ஒரு வாரம் சிரிப்பான்.

மூன்றாம் நாள் காய்ச்சல் அது. டாக்டர் பார்த்து மாத்திரை கொடுத்திருந்தார், காய்ச்சல்கூட அன்று மத்தியானம் விட்டிருந்தது. விட்டதுதான் ஆபத்து என்று பிறகு சொன்னார்கள். அப்போது யாருக்குத் தெரியும், விட்டுருச்சு சாமி என்று நெற்றியில் திருநீறு பூசிவிட்டு இங்கே வந்து உட்கார்ந்தாள். வெயில் சரியாக இருந்தது. சொம்பின் நிழல் இரண்டாவது பழத்தின் மேல் ஏறுகிற இடம், அங்கே ஒரு ஊதா, அந்த ஊதாவைக் கலந்துவிட்டாள், தூரிகையில் எடுத்துவிட்டாள். குவாஷில் ஈரத்தில் ஒரு நிறம், காய்ந்தால் ஒரு நிறம். வெளிர் நிறம் காய்ந்தால் கருக்கும், கரு நிறம் காய்ந்தால் வெளுக்கும். அந்தக் கணக்கு மனசில் ஓடிக்கொண்டிருந்தபோதுதான் அவன் கதவருகில் வந்து நின்றான். போர்வையைச் சுற்றியிருந்தான் என்று நினைக்கிறாள். நினைக்கிறாள், அவ்வளவுதான், பார்க்கவில்லை. "அம்மா, வாயெல்லாம் கசக்குது. படப்பழம் ஒண்ணு எடுத்துக்கட்டுமா?" கேட்டான். எப்போதும் கேட்காமல் எடுக்கிறவன் அன்றைக்குக் கேட்டான். அதிலேயே அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டாமா? திரும்பாமலே சொன்னாள். "நெழலு கலைஞ்சு போயிரும் சாமி. செத்த நேரம் பொறு, இது முடிஞ்சுரும். பிரிட்ஜுல ஜூஸ் இருக்குது, அதக் குடி." "சரி விடு. படம் முடியட்டும்" என்றான். சிரித்துக்கொண்டு சொன்னானா, சிரிக்காமல் சொன்னானா? இரண்டு வாரமாக அந்தக் குரலைக் காதுக்குள் போட்டுத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறாள். ஒரு சமயம் சிரிப்பு இருக்கிறது, ஒரு சமயம் இல்லை. அந்த ஊதாவின் ஓரம் எப்படி இருந்தது என்று இப்போது கேட்டாலும் சொல்வாள். மகன் முகம் எப்படி இருந்தது என்று கேட்டால் தெரியாது. பெத்த மனம் பித்து, பிள்ளை மனம் கல்லு என்கிறார்கள். எந்தப் புண்ணியவான் சொன்னானோ, அவன் வந்து இவளைப் பார்த்திருந்தால் மாற்றிச் சொல்லியிருப்பான். ஆஸ்பத்திரியில் ஊசி போட வந்த நர்ஸ் பெண், சின்னப் பெண், ஒன்றும் அறியாதவள், "பழமெல்லாம் நல்லாக் குடுத்தீங்களாம்மா?" என்று கேட்டாள். குடுத்தோம் என்று ஆறுச்சாமி சொன்னார். கட்டிலில் கண்ணை மூடிக் கிடந்தவன் அதைக் கேட்டானோ என்னவோ.

ஆனால் ஒன்று இருக்கிறது. அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் அவள் இத்தனை நாளும் உயிரோடு இருக்கிறாள். அவன் போய்ப் படுத்துக்கொண்ட பிறகு மேற்கே மேகம் கறுத்தது. மொட்டைமாடியில் துணி காய்ந்தது. ஓடினாள். துணிகளை உருவிக்கொண்டு நின்றபோது மலைமேல் மழை இறங்குவது தெரிந்தது, சாம்பல் பாஸ்டலை விரலால் கீழ்நோக்கி இழுத்த மாதிரி. கொஞ்ச நேரம் அதையும் பார்த்துக்கொண்டு நின்றாள். பார்க்காமல் இருக்க முடிகிற கண்ணா இது. அந்த நேரம் முழுக்க இந்த அறையில் யாரும் இல்லை. மேசை இருந்தது, பழம் இருந்தது, பக்கத்து அறையில் அவன் இருந்தான். அவள் கீழே வந்தபோது பாத்ரூம் வாசலில் சுவரைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்துக்கொண்டிருந்தான். அதற்குப் பிறகு ஆட்டோ, ஆஸ்பத்திரி, அவ்வளவுதான், இந்தப் பக்கமே யாரும் வரவில்லை. அந்த நேரத்தில் எடுத்திருக்கலாம். அடியில் கட்டைவிரலை விட்டு, சுளை சுளையாக எடுத்து, கசந்த வாய்க்கு நாலு சுளை தின்றுவிட்டு, விதையை உள்ளே போட்டு, திருப்பி வைத்துவிட்டுப் போயிருக்கலாம். நான்கே நான்கு சுளை. எடுத்திருந்தால் அவள் சொன்னது அவனைத் தடுக்கவில்லை என்று ஆகும், எல்லாம் எப்போதும் போலத்தான் இருந்தது என்று ஆகும், ஒரு நாள் எப்படியும் அம்மா தூக்கிப் பார்ப்பாள், கை ஏமாறும், திருட்டுப் பயலே என்பாள் என்று அவன் மேலே இருந்துகொண்டு காத்திருப்பான். எடுக்காமல் இருந்தால்? எடுக்காமல் இருந்தால், வாய் கசந்து ஒரு பழம் கேட்ட பிள்ளைக்கு அது அம்மா கொடுக்காத பழம். அவன் கேட்ட கடைசிப் பொருள். அதற்கு மேல் அவளால் யோசிக்க முடிந்ததில்லை. அந்த இடத்தில் வந்து நினைப்பு முட்டிக்கொண்டு நின்றுவிடும், பிறகு திரும்பவும் கதவு, போர்வை, வாயெல்லாம் கசக்குது.

பாதிப் படத்தைப் பலகையோடு எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். படத்தில் சொம்பு முடிந்திருந்தது, இரண்டு பழம் முடிந்திருந்தது, ஜன்னல் பக்கத்துப் பழத்துக்கு அடிநிறமும் அதன்மேல் இருந்த ஒரு கறுப்பு மச்சமும் மட்டும் போட்டிருந்தாள். மச்சத்தை முதலில் போட்டுவிடுவது அவள் பழக்கம், பழம் எந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருக்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம். படத்தில் மச்சம் சொம்பைப் பார்த்து இருந்தது. மேசையைப் பார்த்தாள். படத்தைப் பார்த்தாள். திரும்ப மேசையைப் பார்த்தாள். மேசையில் மச்சம் சொம்பைப் பார்க்கவில்லை. ஒரு விரல் அளவு ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தது. தான் உட்கார்ந்திருக்கும் இடம் மாறிவிட்டதோ என்று நாற்காலிக்காகத் தரையில் போட்டிருந்த சாக்பீஸ் குறியைப் பார்த்தாள். கால்கள் குறிமேல்தான் இருந்தன. ஒரு கண்ணை மூடி, தூரிகையை நீட்டிப் பிடித்து அளந்தாள். மற்ற இரண்டும் இம்மி பிசகவில்லை. மூன்றாவது மட்டும் திரும்பியிருக்கிறது. பழத்துக்குக் கால் முளைக்குமா? யாரோ எடுத்து வைத்திருக்கிறார்கள். அவள் வரைந்து நிறுத்திய பிறகு எடுத்து வைத்திருக்கிறார்கள். அன்றைக்கு அவசரம், உடம்பு முடியவில்லை, கை நடுங்கியிருக்கும், எப்போதும் நூல் பிடித்த மாதிரி வைக்கிறவன் அன்றைக்கு ஒரு விரல் பிசகிவிட்டான். பிசகிட்டியாடா தங்கம், அம்மாகிட்ட மாட்டிக்கிட்டியா என்று வாய்விட்டே சொன்னாள்.

எழுந்து போய் முதல் பழத்தைத் தூக்கினாள். கனத்தது, அடியில் துணி நனைந்து கறை கட்டியிருந்தது. இரண்டாவதைத் தூக்கினாள். சுருங்கியிருந்தாலும் அதுவும் கனத்தது. மூன்றாவதிடம் வந்ததும் கை நின்றது. சாமி, இந்த ஒரு தடவை கை ஏமாறணும் என்று வேண்டிக்கொண்டாள். எந்தச் சாமியிடம் என்று அவளுக்கே தெரியவில்லை. பிடித்துத் தூக்கினாள். கை ஜிவ்வென்று மேலே போயிற்று. அவள் சத்தம் போட்டு அழுதாள். பிள்ளையைக் கொண்டுபோன அன்றுகூட இப்படி அழவில்லை. தின்னுட்டான், தின்னுட்டான், என் சொல்லு அவனைத் தடுக்கல, வாய் கசப்புக்கு நாலு சுளை தின்னுட்டுத்தான் போயிருக்கான் என்று நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள், நசுங்கிவிடுமே என்று பயந்து தளர்த்தினாள். விதைச் சத்தம் கேட்கலாம் என்று காதருகில் வைத்துக் குலுக்கினாள். சத்தம் இல்லை. திருப்பிப் பார்த்தாள்.

ஓட்டை அடியில் இல்லை. காம்புப் பக்கமாகப் பிய்த்துத் திறந்திருந்தது, திருகாணியைத் திருப்பிப் பழகிய கட்டைவிரல் போட்ட ஓட்டை, அகலமாக, ஓரம் கிழிந்து. உள்ளே விதை ஒன்றுகூட இல்லை. வெளித்தோல் சுருங்கிக் காய்ந்திருந்தது, உள்தோல் வெள்ளையாக, ஈரமாக இருந்தது. அவள் விரலை வைத்துப் பார்த்தாள். இரண்டு வாரம் திறந்து கிடந்த தோல் பப்படம் போல முறுகியிருக்க வேண்டும். இது இப்போதுதான் உரித்தது. ஆரஞ்சு வாசம் குப்பென்று அடித்தது. நீலத்துணியில் அந்தப் பழம் இருந்த இடத்தைப் பார்த்தாள். மெல்லிசாகப் படிந்திருந்த தூசியில், பழைய வட்டமும் அதன்மேல் சற்றுத் தள்ளிப் புதிய வட்டமும் தெரிந்தன. அறை பூட்டியிருந்தது. சாவி ஒருத்தர் இடுப்பில் இருந்தது. சோப்பு வாசம் இப்போது வந்து நின்றது, இந்தத் தடவை போகவில்லை.

அவர் வந்திருக்கிறார். இந்த மேசை முன்னால் தனியாக நின்றிருக்கிறார். முதலில் என்ன செய்திருப்பார்? தூக்கிப் பார்த்திருப்பார். மூன்றையும் தூக்கிப் பார்த்திருப்பார், ஒன்றாவது கனமில்லாமல் இருக்காதா என்று. மூன்றும் கனத்திருக்கிறது. எடுத்திருப்பான், எடுத்திருப்பான் என்று இரண்டு வாரமாக அவளுக்குச் சொல்லிக்கொண்டிருந்த மனுஷனுக்கு மூன்றும் கனத்திருக்கிறது. புளிப்பு என்றால் முகத்தைச் சுளிக்கிறவர், பாதி அழுகத் தொடங்கிய பழத்தை நின்றுகொண்டே விதையோடு முழுங்கியிருக்கிறார். விதை உள்ளே இருக்க வேண்டும் என்பதும் ஓட்டை அடியில் இருக்க வேண்டும் என்பதும் அவருக்கு எப்படித் தெரியும், அது அம்மாவுக்கும் பிள்ளைக்கும் நடுவில் இருந்த விளையாட்டு. திருப்பி வைக்க வேண்டும் என்பது மட்டும் தெரிந்திருக்கிறது. பார்த்துப் பார்த்துத்தான் திருப்பி வைத்திருக்கிறார், பாவம். ஆகக்கூடி அவன் எடுக்கவில்லை. படம் முடியட்டும் என்றான், சொன்னதைக் கேட்டுக்கொண்டு போய்ப் படுத்துவிட்டான். பிறந்ததிலிருந்து ஒரே ஒரு தடவை அம்மா பேச்சைக் கேட்டான். எந்த இடத்தில் நினைப்பு முட்டி நிற்குமோ அந்த இடம் வந்தது, இந்தத் தடவை அதையும் தாண்டிக்கொண்டு போயிற்று. அந்தப் பக்கத்தில் அவள் தனியாக இல்லை. அங்கே அவளுக்கு முன்னாலேயே ஆறுச்சாமி போய் நின்றுகொண்டிருந்தார், சோப்புப் போட்டுக் கழுவிய கையோடு.

அழுகைச் சத்தம் கேட்டு அவர் ஓடிவந்தார். அவள் கையிலிருந்த தோலைப் பார்த்தார், உடனே மலைப் படத்தைப் பார்த்தார். பொய் சொல்லத் தெரியாத முகம் அது, முப்பது வருஷமாக அவளுக்குத் தெரிந்த முகம்.

"என்ன அம்மிணி?" என்றார்.

வெளியே கார் வந்து நிற்கிற சத்தம் கேட்டது. ரங்கநாயகி யாரையோ, படத்தைப் பாத்து எறக்கு, கண்ணாடி கண்ணாடி என்று அதட்டுவது கேட்டது. சாந்தாமணி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"எடுத்திருக்கானுங்க" என்றாள்.

"நான்தான் சொன்னனல்ல" என்றார். குரல் பாதியில் உடைந்தது. பிறகு, கேட்கக்கூடாததைக் கேட்கிறவர் போல, "நெசமாவா?" என்றார். அவருக்கே அது வேண்டியிருந்தது.

"அவன் வெச்ச மாதிரியேதானுங்க இருந்துச்சு" என்றாள்.

அவர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். இரண்டு வாரமாக வந்தவர்களை உபசரித்து, பந்தல்காரனிடம் பேசி, ஒரு சொட்டுக் கண்ணீர் விடாமல் நின்ற மனுஷன் துண்டை வாயில் வைத்து அடைத்துக்கொண்டு அழுதார். அவள் போய்த் தேற்றவில்லை. அழட்டும் என்று விட்டாள். தோலை எடுத்துக்கொண்டு போய், கிழிந்த பக்கம் பின்னால் போகும்படி, மச்சம் சொம்பைப் பார்க்கும்படி, தூசியில் இருந்த பழைய வட்டத்தின் மேல் வைத்தாள். கண்ணைச் சுருக்கிப் பார்த்து ஒரு நூல் திருப்பினாள். நாற்காலியைக் குறிமேல் இழுத்துப் போட்டு, பலகையை மடியில் வைத்து, தட்டில் இன்னொரு சொட்டுத் தண்ணீர் விட்டாள்.

"அக்கா வந்துட்டாங்க அம்மிணி. இப்பவா வரையப் போறே?" என்றார் அவர், மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

"வெயில் போறதுக்குள்ள முடிச்சுருவனுங்க. முடிஞ்சுருமுன்னு அவங்கிட்டச் சொல்லியிருக்கறன்."

அவர் முதல் தடவையாக மேசையைப் பார்த்தார். அந்தப் பழத்தையே பார்த்தார். "அது வெறுந்தோலாச்சே. எப்படி வரைவே?"

சாந்தாமணி தூரிகை நிறைய ஆரஞ்சை எடுத்தாள்.

"இங்கிருந்து பாத்தா முழுசாத்தானுங்க தெரியுது" என்றாள்.